வாக்காளருக்கு விதி, தலைவருக்கு விலக்கு

2025 ஜூன் 24 அன்று நியூயார்க் மாநகர மேயர் பதவிக்கான ஜனநாயகக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தல் நடைபெற்றது. 'பிரைமரி' என்று அங்கு அழைக்கப்படும் இத்தேர்தலில், ஜனநாயக சோஷலிஸ்டு அமைப்பைச் சேர்ந்த 33 வயது ஜோஹ்ரான் மம்தானி, மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவைத் தோற்கடித்தார். வீட்டு வாடகை உயர்வை நிறுத்துவது, பேருந்துக் கட்டணத்தை ஒழிப்பது, குழந்தைப் பராமரிப்பை இலவசமாக்குவது ஆகிய கோரிக்கைகளை அவர் வீடு வீடாகக் கொண்டு சென்றார். இவ்வெற்றி குறித்து உலகெங்கும் நிறைய எழுதப்பட்டுவிட்டது. ஆனால் அத்தேர்தலில் யார் வாக்களிக்க முடிந்தது, அதன்பின் என்ன நடந்தது என்ற இரண்டு கேள்விகளும் உரிய கவனத்தைப் பெறவில்லை.

நியூயார்க்கில் நடப்பது 'மூடிய' முதனிலைத் தேர்தல். ஜனநாயகக் கட்சிக்காரர் என்று வாக்காளர் பட்டியலில் பதிவு செய்துகொண்டவர் மட்டுமே அக்கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கலாம். வேறு கட்சியின் பெயரில் பதிவு செய்திருந்தவர் பிப்ரவரி 14ஆம் தேதிக்குள், அதாவது நான்கு மாதங்களுக்கு முன்பே, தம் பதிவை மாற்றியிருக்க வேண்டும். ஒரு நாள் தாமதித்தவருக்கும் வாக்குரிமை இல்லை.

விதி இவ்வளவு கண்டிப்பானது. ஆனால் அது யாருக்கு? தோற்ற குவோமோ, தாம் போட்டியிட்ட தேர்தலின் முடிவை ஏற்கவில்லை. நவம்பர் 4 பொதுத் தேர்தலில் தம் கட்சி வேட்பாளருக்கு எதிராகவே சுயேச்சையாக நின்றார். அதனால் அவருடைய கட்சிப் பதிவுக்கு ஒரு பங்கமும் வரவில்லை. பிரதிநிதிகள் சபையில் கட்சியின் தலைவரான ஹக்கீம் ஜெப்ரீஸ், மம்தானிக்கு ஆதரவு தெரிவிக்க அக்டோபர் பிற்பகுதி வரை காலம் கடத்தினார். செனட் தலைவர் சக் ஷூமர் கடைசி வரை வாய் திறக்கவில்லை. மம்தானி பாதிக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்று வென்றது வேறு செய்தி. நான்கு மாதங்களுக்கு முன்பே படிவம் நிரப்பாத ஓட்டல் தொழிலாளிக்கு வாக்கு இல்லை. கட்சியின் முடிவையே மீறிய தலைவருக்கு ஒரு தடையும் இல்லை. கட்சி உறுப்பினர் தகுதி குறித்த முதலாளித்துவ ஜனநாயகத்தின் முழுக் கதையும் இந்த ஒரு முரண்பாட்டில் அடங்கியிருக்கிறது.

படிவத்தில் ஒரு குறி

அமெரிக்காவில் கட்சி உறுப்பினர் என்ற சொல்லுக்கு, இந்தியாவின் இடதுசாரி வாசகர் புரிந்துகொள்ளும் பொருள் இல்லை. சந்தா இல்லை, கிளை இல்லை, கூட்டம் இல்லை, கட்சித் திட்டத்தை ஏற்கும் கட்டாயமும் இல்லை. வாக்காளர் பதிவுப் படிவத்தில் ஒரு கட்டத்தில் குறியிட்டால் போதும். அந்தப் பட்டியலை வைத்திருப்பதும் கட்சி அல்ல, அரசு. முதனிலைத் தேர்தலை நடத்துவதும் பெரும்பாலும் அரசுதான். எனவே யாரைச் சேர்ப்பது என்று கட்சியும் தீர்மானிப்பதில்லை. கட்சி என்ன செய்ய வேண்டும் என்று பதிவு செய்தவரும் தீர்மானிப்பதில்லை. வாக்களித்த மறுநாள் அவருக்கும் கட்சிக்கும் இடையே எந்த உறவும் மிஞ்சுவதில்லை. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் சடங்கு மக்களுடையது. கொள்கையை வகுக்கும் உரிமை நிதி கொடுப்பவருடையது.

இதே நியூயார்க்கில் 2016 ஏப்ரல் 19 அன்று நடந்த குடியரசுத் தலைவர் வேட்பாளருக்கான முதனிலைத் தேர்தலில் இக்குறியின் விலை வெளிப்பட்டது. கட்சிப் பதிவை மாற்றுவதற்கான கடைசி நாள் 2015 அக்டோபர் 9. ஆறு மாதங்களுக்கும் மேலான இடைவெளி. பெர்னி சாண்டர்ஸின் பிரச்சாரம் மாநிலத்தை எட்டியபோது கதவு எப்போதோ மூடப்பட்டிருந்தது. இரு பெரும் கட்சிகளிலும் பதிவு செய்யாத 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் வெளியே நிறுத்தப்பட்டனர். டொனால்டு டிரம்பின் மகளும் மகனுமே குறித்த நாளுக்குள் பதிவை மாற்றாததால் தந்தைக்கு வாக்களிக்க முடியவில்லை என்பது அப்போது நகைப்புக்குரிய செய்தியாயிற்று. புரூக்ளினில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனநாயகக் கட்சி வாக்காளர்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தது நகைப்புக்குரியதாக இல்லை.

அப்படியானால் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிடுவதுதான் தீர்வா? சில மாநிலங்களில் 'திறந்த' முதனிலைத் தேர்தல் உண்டு. கலிபோர்னியா 2010இல் மக்கள் வாக்கெடுப்பின் வழியாக இன்னும் ஒரு படி மேலே சென்றது. அங்கே எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே பட்டியலில் நிற்பார்கள், எல்லோரும் வாக்களிக்கலாம், முதல் இரண்டு இடம் பெற்றவர்கள் எக்கட்சியினராயினும் இறுதிச் சுற்றுக்குச் செல்வார்கள். பார்வைக்கு இது விரிவான ஜனநாயகம். நடைமுறையில், விளம்பரத்துக்குப் பணம் இல்லாத சிறிய கட்சிகள் நவம்பர் வாக்குச்சீட்டிலிருந்தே பெரும்பாலும் காணாமற்போயின. மூடிய கதவு வாக்காளரை வெளியே நிறுத்துகிறது. சுவரே இல்லாத வீட்டில் உள்ளே என்பதற்கே பொருள் இல்லாமல் போகிறது.

வெள்ளையர் மட்டுமே உறுப்பினர்

உறுப்பினர் தகுதி என்பது வெறும் நிர்வாக விதி என்று எண்ணுவோர் டெக்சாஸ் மாநிலத்தின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தென் மாநிலங்களில் அக்காலத்தில் ஜனநாயகக் கட்சி ஒன்றே ஆண்டது. முதனிலைத் தேர்தலில் வென்றவரே ஆட்சியாளர். பொதுத் தேர்தல் பெயரளவுக்குத்தான். 1923இல் டெக்சாஸ் சட்டமன்றம், அக்கட்சியின் முதனிலைத் தேர்தலில் கறுப்பின மக்கள் வாக்களிக்கக் கூடாது என்று சட்டமியற்றியது. எல் பாசோ நகரின் கறுப்பின மருத்துவர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 1927இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாது என்றது.

ஆளும் கூட்டம் சோர்ந்துவிடவில்லை. தகுதியை நிர்ணயிக்கும் அதிகாரத்தைக் கட்சியின் நிர்வாகக் குழுவுக்குச் சட்டத்தின் மூலம் மாற்றிக் கொடுத்தது. 1932இல் அதுவும் செல்லாது என்றானது. உடனே கட்சியின் மாநில மாநாடே கூடி, வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று தீர்மானித்தது. 1935இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. கட்சி ஒரு தனியார் சங்கம், தன் உறுப்பினர் யார் என்று முடிவுசெய்வது அதன் உரிமை என்பது வாதம். ஹூஸ்டன் நகரின் கறுப்பினப் பல் மருத்துவர் லோனி ஸ்மித் தொடுத்த வழக்கில், தர்குட் மார்ஷல் முதலான வழக்கறிஞர்களின் முயற்சியால், 1944இல்தான் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. அதன் பிறகும் ஒரு மாவட்டத்தில் வெள்ளையர் சங்கமொன்று முதனிலைத் தேர்தலுக்கும் முந்தைய தேர்தலொன்றைத் தனியாக நடத்திவந்தது. 1953 வரை அதற்கும் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது.

'உறுப்பினர் மட்டுமே வாக்களிக்கலாம்' என்ற ஒரே வாக்கியம் நிறவெறியின் கருவியாகவும் இருக்க முடியும், ஓர் அமைப்பின் தற்காப்பாகவும் இருக்க முடியும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. எது எதுவாகிறது என்பதை விதியின் சொற்கள் தீர்மானிப்பதில்லை. யார் வகுக்கிறார், யாரை வெளியே நிறுத்த வகுக்கிறார், அது தமக்கும் பொருந்துமா என்பவையே தீர்மானிக்கின்றன.

மூன்று பவுண்டிலிருந்து இருபத்தைந்து பவுண்டுக்கு

தொழிற்சங்கங்களால் உருவாக்கப்பட்ட பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் அனுபவம் இன்னும் நெருக்கமான பாடம். அங்கே தலைவரைத் தேர்ந்தெடுக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் கட்சி உறுப்பினர்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் தலா மூன்றில் ஒரு பங்கு என்ற முறை இருந்தது. 2014இல் அது கைவிடப்பட்டு, ஒருவருக்கு ஒரு வாக்கு என்றானது. மூன்று பவுண்டு கட்டிப் 'பதிவுபெற்ற ஆதரவாளர்' ஆகும் எவரும் வாக்களிக்கலாம். தொழிற்சங்கங்களின் பிடி தளரும், பொதுமக்கள் வந்தால் கட்சி நடுப்பாதைக்குத் திரும்பும் என்று வலதுசாரிப் பிரிவு எதிர்பார்த்தது.

நடந்தது நேர்மாறு. சிக்கன நடவடிக்கைகளால் நொந்த இளைஞர்களும் பழைய தொழிலாளர்களும் திரண்டு வந்தனர். 2015 செப்டம்பரில் ஜெரமி கோர்பின் 59.5 சதவீத வாக்குகளுடன் வென்றார். மூன்று பவுண்டு கட்டியவர்களில் ஐந்தில் நால்வருக்கும் மேற்பட்டோர் அவருக்கே வாக்களித்தனர்.

அடுத்த ஆண்டே கோர்பினை அகற்ற மீண்டும் தலைமைத் தேர்தல் திணிக்கப்பட்டது. இம்முறை விதிகள் மாற்றப்பட்டன. 2016 ஜனவரி 12க்குப் பின் சேர்ந்த உறுப்பினர்களுக்கு வாக்கு இல்லை. ஏறத்தாழ 1,30,000 பேர், வாக்களிக்கலாம் என்று நம்பிச் சந்தா கட்டியவர்கள், இதனால் உரிமையிழந்தனர். ஆதரவாளர் கட்டணம் மூன்று பவுண்டிலிருந்து 25 பவுண்டாக உயர்த்தப்பட்டது. பதிவு செய்ய இரண்டே நாள் அவகாசம். ஐந்து புதிய உறுப்பினர்கள் நீதிமன்றம் சென்றனர். ஆகஸ்டு 8 அன்று உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. நான்கே நாளில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. இத்தனைக்கும் பிறகு 1,80,000க்கும் மேற்பட்டோர் 25 பவுண்டு கட்டி விண்ணப்பித்தனர். கோர்பின் 61.8 சதவீதத்துடன் மறுபடியும் வென்றார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2021 மாநாட்டில் பதிவுபெற்ற ஆதரவாளர் முறை ஒழிக்கப்பட்டது. தலைமைக்குப் போட்டியிட வேண்டுமானால் பெற வேண்டிய நாடாளுமன்ற உறுப்பினர் ஆதரவு பத்து சதவீதத்திலிருந்து இருபதாக உயர்த்தப்பட்டது. லட்சக்கணக்கில் வந்தவர்கள் வாக்களிக்க வந்தார்கள். கிளைகளிலும் தொகுதிக் குழுக்களிலும் நிலைத்த வேலையாக அவ்வலை மாறுவதற்கு முன்பே, அமைப்பைக் கையில் வைத்திருந்தவர்கள் அதை மீட்டுக்கொண்டனர். வாக்குச்சீட்டு ஒரு நாளின் ஆயுதம். அமைப்பு அன்றாட ஆயுதம்.

மிஸ்டு கால் ஜனநாயகம்

இந்தியாவில் நிலைமை என்ன? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29அ பிரிவு, பதிவுபெறும் ஒவ்வொரு கட்சியும் அரசியல் சட்டத்துக்கும் சோஷலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகிய கோட்பாடுகளுக்கும் விசுவாசம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்தக் கட்சிக்குள் வேட்பாளரை யார், எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது குறித்துச் சட்டம் மௌனம் சாதிக்கிறது.

2014 மக்களவைத் தேர்தலுக்கு முன் காங்கிரஸ் கட்சி சில தொகுதிகளில் அமெரிக்க பாணி முதனிலைத் தேர்தலைப் பரிசோதித்தது. வதோதரா அவற்றுள் ஒன்று. அங்கே வாக்குப் பெற்று வென்றவர், நரேந்திர மோடி அத்தொகுதியில் நிற்கிறார் என்றதும் விலகிக்கொள்ள, மூத்த தலைவர் ஒருவர் நிறுத்தப்பட்டார். பரிசோதனை அத்தோடு மறக்கப்பட்டது. பாரதிய ஜனதா கட்சியோ 2014 நவம்பரில் தொடங்கிய சேர்க்கை இயக்கத்தில், ஒரு தொலைபேசி எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் உறுப்பினர் என்றது. மறு ஆண்டு பத்துக் கோடி உறுப்பினர்கள் என்று பறைசாற்றியது. அந்தப் பத்துக் கோடிப் பேரில் எவரும் தம் தொகுதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அழைக்கப்படவில்லை. எண்ணிக்கை கட்சிக்கு, முடிவு மேலிடத்துக்கு.

1903இன் கேள்வி

யார் உறுப்பினர் என்ற கேள்வியில் ருஷ்யப் பாட்டாளி வர்க்க இயக்கமே ஒருமுறை இரண்டாகப் பிரிந்தது. 1903இல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கி, போலீஸ் கெடுபிடியால் லண்டனுக்கு மாறிய ருஷ்ய சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சியின் இரண்டாவது காங்கிரசில் அமைப்பு விதியின் முதல் பிரிவு விவாதிக்கப்பட்டது. திட்டத்தை ஏற்று, பொருளுதவி செய்து, கட்சி அமைப்புகளில் ஒன்றில் நேரடியாகப் பங்கேற்பவரே உறுப்பினர் என்றார் லெனின். அமைப்பின் வழிகாட்டுதலில் உதவிவந்தால் போதும் என்றார் மார்த்தவ். 28க்கு 22 என்ற வாக்கில் மார்த்தவின் வாசகம் வென்றது. 1906இல் ஸ்டாக்ஹோம் காங்கிரசில் லெனினின் வாசகம் ஏற்கப்பட்டது.

ஒரு சொற்றொடருக்காக இத்தனை சண்டையா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. நியூயார்க்கும் லண்டனும் அதற்கு விடை கூறுகின்றன. அமைப்பில் பங்கேற்காதவர் வாக்களித்தால், தாம் தேர்ந்தெடுத்த தலைவரைத் தட்டிக்கேட்க அவருக்கு இடமில்லை. அமைப்பில் பங்கேற்க வேண்டியதில்லை என்றால், தலைவரும் எந்த அமைப்புக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆக லெனினின் நிபந்தனை தொழிலாளியைத் தடுக்க எழுதப்பட்டதன்று. பெயரை மட்டும் கொடுத்துவிட்டுக் கட்டுப்பாட்டுக்கு வெளியே நிற்கும் பிரமுகரைக் கட்ட எழுதப்பட்டது. முதலாளித்துவக் கட்சிகளின் விதி கீழே உள்ளவரைக் கட்டுகிறது, மேலே உள்ளவரை விடுவிக்கிறது. பாட்டாளி வர்க்கக் கட்சியின் விதி முதலில் மேலே உள்ளவரைக் கட்ட வேண்டும்.

கிளை கூடுகிறதா?

இந்திய இடதுசாரிக் கட்சிகளில் உறுப்பினராவது எளிதன்று. ஏற்கெனவே உள்ள உறுப்பினர்களின் பரிந்துரை, பரீட்சார்த்தக் காலம், வருமானத்துக்கேற்ற லெவி, ஆண்டுதோறும் புதுப்பித்தல் ஆகியவை உண்டு. பரீட்சார்த்த உறுப்பினர் விவாதிக்கலாம், வாக்களிக்க முடியாது. கடமை முன்னே, வாக்கு பின்னே என்பது இதன் கருத்து.

இங்கே ஒரு நேர்மையான கேள்வி எழுகிறது. இத்தனை நிபந்தனைகளை நிறைவேற்றிய உறுப்பினர்கூட சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளரை நேரடி வாக்கில் தேர்ந்தெடுப்பதில்லை. கமிட்டிகளே முடிவு செய்கின்றன. படிவத்தில் குறியிட்ட நியூயார்க் வாக்காளருக்கு இருக்கும் உரிமை, இருபதாண்டு உழைத்த தோழருக்கு இல்லையே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கேள்வியைக் கோபத்தோடு ஒதுக்குவது விடையாகாது. கமிட்டியை மாநாடு தேர்ந்தெடுக்கிறது, மாநாட்டுப் பிரதிநிதியைக் கீழ்மட்ட மாநாடு தேர்ந்தெடுக்கிறது, அச்சங்கிலியின் முதல் கண்ணி கிளை என்பதே விடை. வேட்பாளர் ஒரு நாளில் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. மூன்றாண்டு, ஐந்தாண்டு வேலையின் பரிசீலனையில் உருவாகிறார். வென்ற பிறகும் கமிட்டியின் முன் கணக்குக் கொடுக்கிறார். குவோமோக்களுக்கு இங்கே இடமில்லை.

ஆனால் இந்த விடை கிளை உயிரோடு இருக்கும்வரைதான் செல்லும். முதல் கண்ணி அறுந்தால் சங்கிலி காற்றில் தொங்கும். புதுப்பித்தலின்போது மட்டும் கூடும் கிளை, செயலாளரே மொத்தமாகக் கட்டிவிடும் லெவி, வீடு தேடிச் சென்று கையொப்பம் பெறும் படிவம் ஆகியவை எங்கெல்லாம் இருக்கின்றனவோ, அங்கெல்லாம் உறுப்பினர் அட்டைக்கும் நியூயார்க் படிவத்துக் குறிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரவு எட்டு மணிக்கு மேல் தொலைவில் நடக்கும் கூட்டத்துக்கு விவசாயக் கூலிப் பெண்ணால் வர முடியாது. வராதவர் என்று அவர் பெயருக்கு எதிரே குறிக்கப்படுவதும் ஒருவகை மூடிய கதவே. அவர் படிக்கக்கூடிய மொழியில் அறிக்கை கைக்கு வராமல், அதன்மேல் கை உயர்த்தச் சொல்வது பாதி வாக்குரிமை. தாராவியிலும் மூணாறிலும் வாழும் தமிழ்த் தொழிலாளிக்கு இது நன்றாகத் தெரியும்.

மூணாறு இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. 2015 செப்டம்பரில், போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து அங்குள்ள தேயிலைத் தோட்டங்களின் பெண் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழர்கள், ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தனர். பின்னாளில் 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் பெற்ற அப்போராட்டம் எந்தச் சங்கத்தின் அழைப்பிலும் தொடங்கவில்லை. இடதுசாரிச் சங்கம் உட்பட எல்லாச் சங்கத் தலைவர்களையும் அவர்கள் விலகி நிற்கச் சொன்னார்கள். அவர்கள் ஆண்டாண்டுகளாகச் சந்தா கட்டிய உறுப்பினர்கள். கொழுந்து பறிப்பவர்கள் பெண்கள். சங்கத் தலைவர்கள் ஆண்கள். தம் பெயரால் என்ன பேசப்படுகிறது என்று தீர்மானிக்கும் இடம் மட்டும் அவர்களுக்கு இல்லாதிருந்தது. மூத்த தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் நேரில் வந்து அவர்களோடு அமர்ந்தபோது ஏற்றுக்கொண்டார்கள். கட்டுப்பாட்டை அவர்கள் மறுக்கவில்லை. கணக்குக் கொடுக்காத தலைமையை மறுத்தார்கள்.

உறுப்பினர் தகுதியைக் கண்டிப்பாக வைத்திருப்பதற்கு ஒரு கட்சிக்கு உரிமை உண்டு. அந்த உரிமைக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. தகுதி பணத்தாலோ பிறப்பாலோ அளக்கப்படாமல் வேலையால் அளக்கப்பட வேண்டும். போட்டியின் நடுவில் விதி மாற்றப்படக் கூடாது. கிளை உறுப்பினரைக் கட்டும் எந்த விதியும் மேல்கமிட்டி உறுப்பினரை இரு மடங்கு கட்ட வேண்டும். லெவி பாக்கிக்காகக் கிளைத் தோழரின் புதுப்பித்தலை நிறுத்தும் கமிட்டி, தன் உறுப்பினரின் லெவியையும் வருகையையும் அதே கூட்டத்தில் வாசிக்க வேண்டும்.

புதுப்பித்தல் படிவங்கள் ஆண்டுதோறும் கிளைகளுக்கு வருகின்றன. படிவத்தை நீட்டும்போது, சென்ற ஆண்டு கிளை எத்தனை முறை கூடியது, எந்த முடிவில் இந்தத் தோழரின் சொல் கேட்கப்பட்டது என்ற இரண்டு கேள்விகளுக்குச் செயலாளர் முதலில் விடை சொல்லட்டும். அதன்பின் தோழர் கையொப்பமிடட்டும்.